பெரிய கேட் ஜெசிந்தாவை மறந்த நாள்

உப்பளங்களுக்கும் துறைமுகத்துக்கும் நடுவில், எந்தப் பக்கமிருந்து காற்றடித்தாலும் உதடு கரிக்கிற ஒரு காலனி இருந்தது, காலனிக்கு ஒரு சுற்றுச்சுவர், சுவருக்கு ஒரே ஒரு வாசல், வாசலுக்கு ஒரு பெரிய இரும்புக் கேட், அந்தக் கேட்டுக்குத்தான் ஒரு திங்கட்கிழமை காலையில் ஆட்களை அடையாளம் தெரிய ஆரம்பித்தது. அதுவரைக்கும் அது துருவேறி இறுகிப்போய், உதைத்தால்தான் திறக்கிற கேட். வாட்ச்மேன் சங்கரபாண்டி அண்ணாச்சி அன்றைக்கும் உதைப்பதற்குத்தான் காலைத் தூக்கினார். கால் படுவதற்கு முன்னாலேயே அது, வெகுநாள் கழித்து வந்த மாப்பிள்ளைக்கு வழிவிடுகிற வீட்டுக்காரர்கள் மாதிரி, ரெண்டு பக்கமும் ஒதுங்கி நின்றது. தூக்கின காலோடு அண்ணாச்சி உள்ளே போய் விழுந்தார்.

கேட்டுக்கு ஒருத்தரைத் தெரிந்துவிட்டால் மற்ற எல்லாவற்றுக்கும் அவரைத் தெரிந்துவிட்டது, அதுதான் விஷயம். கேட்டைத் தாண்டி வந்தவர் மாடிப்படியில் கால் வைக்கும்போதே வீட்டுக் கதவு தாழ்ப்பாளை நீக்கிக்கொண்டது, பீரோ திறந்தது, செல்போன் எண்ணும் கேட்காமல் விரலும் கேட்காமல் விழித்துக்கொண்டது, வீட்டில் எல்லாரும் முறுக்கிப் பார்த்துக் கைவிட்ட நார்த்தங்காய் ஊறுகாய் பாட்டிலின் மூடி தானாகச் சுழன்று இளகியது, தெருமுக்கு வங்கியில் பாஸ்புக்கை நீட்டுவதற்குள் சீல் குத்திக் கொடுத்தார்கள், ரேஷன் கடை மெஷின் கட்டைவிரலைத் தேய்க்கச் சொல்லாமல் ஒரு தடவை சிணுங்கிவிட்டுச் சீட்டைத் துப்பியது, பள்ளிக்கூடத்தில் டீச்சர் பெயர் கூப்பிடுவதை நிறுத்தினாள், ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிற பெண் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் "உள்ள போங்க" என்றாள். எல்லாம் கேட்டின் பேச்சை அப்படியே நம்பின.

காலனியில் யாரும் ஆச்சரியப்படவில்லை. தண்ணீர் லாரி சொன்ன நேரத்துக்கு வந்திருந்தால் ஆச்சரியப்பட்டிருப்பார்கள். மாதா கண் திறந்துவிட்டாள் என்று கோயில் மணி அடிக்கிறவர் சொன்னார், முத்தாரம்மன்தான் என்று சொல்லி பேச்சித்தாய் அக்கா கேட்டுக்கு மஞ்சளும் குங்குமமும் வைத்தாள், ஜுலைகா ராத்தா வீட்டில் கேட்டின் பெயரைச் சொல்லி நேர்ச்சைச் சோறு ஆக்கிக் கொடுத்தார்கள். சங்கத்தில் கூட்டம் போட்டு, இவ்வளவு செய்கிற கேட்டுக்கு ஒரு பெயிண்டாவது அடிக்கலாமா என்று பேசினார்கள், பெயிண்ட் அடித்து அதற்கு நம்மைத் தெரியாமல் போய்விட்டால் என்ன செய்வது என்று யாரோ கேட்க, துரு துருவாகவே இருக்கட்டும் என்று டீயும் காராச்சேவும் சாப்பிட்டுக் கலைந்தார்கள். சாவிக்கொத்துகளைத் திரைச்சீலை பறக்காமலிருக்க நுனியில் கட்டித் தொங்கவிட்டார்கள், மிஞ்சினதைப் பொதுக்கிணற்றில் போட்டார்கள். பூட்டு ரிப்பேர் பார்த்த பொன்னையா அதே பெட்டிக்கடையில் நன்னாரி சர்பத் விற்க ஆரம்பித்தார்.

மெல்ல மெல்ல இன்னொன்றும் நடந்தது, அதை யாரும் கவனிக்கவில்லை. எதிரே வருகிற முகத்தைப் பார்ப்பதை விட்டார்கள். உள்ளே இருந்தால் நம்ம ஆள், கேட் விட்டிருக்கிறதே, பிறகென்ன பார்க்க வேண்டியிருக்கிறது? அண்ணாச்சி பேப்பரிலிருந்து தலையைத் தூக்குவதில்லை. கடைக்காரர் பொட்டலத்தைப் பார்த்துப் பேசினார். அண்ணன் தம்பியைத் தோளில் தட்டுவது, "என்ன இளைச்சிட்ட?" என்று கேட்பது, தூரத்தில் நடையைப் பார்த்தே "அந்தா வாறா பாரு" என்று சொல்வது, இதெல்லாம் மழைக்குப் பிறகு வடிகிற தண்ணீர் மாதிரி சத்தமில்லாமல் வடிந்துபோயின. அவர்கள் ஒருவரை ஒருவர் மறந்துவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. ஞாபகம் வைத்துக்கொள்கிற வேலையைக் கேட்டிடம் கொடுத்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

ஒரே ஒரு கட்டுப்பாடு இருந்தது, அதைக் காலனிக்குக் கற்றுக்கொடுத்தது லாசர் சார். தண்ணீர்த் தகராறில் கோபித்துக்கொண்டு வீட்டைக் காலி செய்தவர், சாமானை வண்டியில் ஏற்றின பிறகு கேட்டைப் பார்த்து, "போறேன்யா, இனி இந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். நம்மில் யாரும் வீட்டைவிட்டு இறங்கும்போது போறேன் என்று சொல்வதில்லை, பாலுக்குப் போனாலும் பரதேசம் போனாலும் போய்ட்டு வாறேன் என்றுதானே சொல்கிறோம். அவர் சொன்னது பாதிதான். கேட் அந்தப் பாதியை முழுசாக எடுத்துக்கொண்டது. மாதங்கள் கழித்து, மறந்து விட்டுப்போன கிரைண்டருக்காக அவர் திரும்பி வந்தபோது கேட் அசையவில்லை, சங்கத்தில் பொருளாளராக இருந்த மனுசனை ஒருத்தருக்கும் தெரியவில்லை. "எந்த ஊரு உங்களுக்கு?" என்று அன்பாக விசாரித்து, வெளியில் நாற்காலி போட்டு, டீ கொடுத்து, அவர் அழுதுகொண்டே சொன்ன கதையை எல்லாம் கேட்டு, பாவம் பொய் சொல்கிற மாதிரி தெரியவில்லை என்று கிரைண்டரையும் தூக்கிக் கொடுத்து அனுப்பினார்கள். பேச்சித்தாய் அக்கா மட்டும், ஏனென்று அவளுக்கே தெரியாமல், அவருடைய டீயில் சர்க்கரை போடவில்லை. அதற்குப் பிறகு பேச்சு வராத பிள்ளைகளுக்குக்கூட, "அம்மா" என்று சொல்லித் தருவதற்கு முன்னால், கேட்டைப் பார்த்து "போத்து வாதேன்" என்று சொல்லக் கற்றுக்கொடுத்தார்கள்.

இந்தக் காலனிக்குத்தான் ஜெசிந்தா மணப்பாட்டிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தாள். கான்வென்ட் விடுதியில் படித்தவள். அங்கே டிரங்குப் பெட்டிச் சாவியைக் கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு தூங்க வேண்டும், தொலைத்தால் சிஸ்டர் முட்டி போட வைப்பார்கள். அதனால் சாவியே வேண்டாத ஊர் என்றதும் அவளுக்கு முதலில் கழுத்தே லேசாகிவிட்டது. புருசன் அமலன் துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டுகிறவன், குரல் உயர்த்திப் பேசத் தெரியாதவன். வீட்டில் மூன்றாவது ஆள் அவனுடைய அக்கா, ஹில்டா மைனி. கட்டிக்கொடுத்த இடத்திலிருந்து வருசம் திரும்புமுன் திரும்பி வந்தவள், தாய் தகப்பன் போன பிறகு தம்பியை வளர்த்தவள், பள்ளிக்கூட யூனிபாரம் தைத்துக் கொடுப்பாள், அவள் தையல் மெஷின் சத்தம் இல்லாத நேரத்தில் அந்த வீடே மூச்சை நிறுத்தின மாதிரி இருக்கும்.

தலைப்பிரசவத்துக்கு ஜெசிந்தா தாய்வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். போகிற வாரம் பார்த்து மழை பிடித்து, கேட்டுக்கு வெளியே இடுப்பளவு தண்ணீர் நின்று, வலி முந்திக்கொண்டு, அடுக்களைத் தரையில் ஹில்டா மைனி முதுகைத் தாங்கிப் பிடிக்க, ஜுலைகா ராத்தா தொப்புள்கொடி அறுக்க, பெண்குழந்தை பிறந்தது. ஆக, அந்தக் காலனியிலேயே கேட்டைத் தாண்டாமல் உள்ளே வந்த ஒரே ஆள் அதுதான். கேட்டுக்கு அது யாரென்று தெரியாது. அதனால் அதற்கு எதுவும் தானாகத் திறக்கவில்லை, யார் யாரென்று அதற்கு எதுவும் சொல்லிக்கொடுக்கவும் இல்லை. அது ஒவ்வொரு முகத்தையும் தானே பார்த்துப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. கையில் வாங்கினால் கண் கொட்டாமல் பார்க்கும். பார்க்கப்படுவது மறந்துபோன காலனிப் பெண்கள் அதன் பார்வையில் நெளிந்தார்கள்.

"என்னட்டி இது, போலீஸ்காரன் மாதிரி பாக்குது?" என்று பேச்சித்தாய் அக்கா திருப்பிக் கொடுத்துவிடுவாள்.

பிள்ளை வந்த நாளிலிருந்து ஜெசிந்தாவுக்குப் பயம் வந்தது. பிள்ளை தூங்கினால் மூக்கடியில் விரல் வைத்துப் பார்த்தாள், அழுதால் எதற்கென்று தெரியாமல் பதறினாள், அழாவிட்டால் அதைவிடப் பதறினாள், ஜன்னல் கம்பிக்கு நடுவில் இருக்கிற இடைவெளியை முழத்தால் அளந்தாள், கழுத்தில் இல்லாத சாவியைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். பால் போதுமா, போதாதா? எங்கே போய் அளப்பது? உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று சொல்ல அதற்கு ஒரு கோடு உண்டா?

அன்றைக்குக் காலையில் பிள்ளை குடித்துவிட்டும் அழுதது. மெஷினை மிதித்துக்கொண்டே ஹில்டா மைனி ஆரம்பித்தாள்.

"பால் பத்தலட்டி உனக்கு. டப்பாப் பால் வாங்கிக் கொடுன்னு எத்தனை மட்டம் சொல்லுதேன்."

"பத்துது மைனி. டாக்டரம்மா பத்தும்னுதான் சொன்னாங்க."

"டாக்டரம்மாவா வந்து விடிய விடியத் தோள்ல போட்டுட்டு நடக்கா? நான்லா நடக்கேன். கழுத்தைப் பாரு, கோழிக்குஞ்சு கழுத்து மாதிரி."

"கண்ணு வைக்காதீங்க."

"நான் கண்ணு வைக்கனா? என் கண்ணா? அவ எனக்கு..."

"பெத்தவளுக்குத்தான் மைனி தெரியும் பிள்ளைக்கு என்ன வேணும்னு. பெறாதவங்களுக்கு என்ன தெரியும்?"

மெஷின் நின்றது. ஊசி பாதித் துணியில் நின்றது. ஹில்டா மைனி திரும்பிப் பார்க்கவில்லை, துணியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். மன்னிப்புக் கேட்க வாய் வராமல் ஜெசிந்தா பிள்ளையைக் கொண்டுபோய் அவள் மடியில் போட்டுவிட்டு, "டப்பாப் பால்தான வேணும்? போறேன். இந்தா போறேன்" என்று செருப்பை மாட்டினாள். படியிறங்கும்போதும் வாய் அதையே சொன்னது. கேட் திறந்து, வழக்கமாகச் சொல்கிறதை அவள் சொல்வதற்காகக் கொஞ்சம் பொறுத்தும் பார்த்தது. அவள் அதன் பக்கம் திரும்பாமலே, "போறேன்னா போறேன்தான்" என்று சொல்லிக்கொண்டு தாண்டிப் போனாள்.

மருந்துக் கடைக்குப் போய் டப்பாவைக் காட்டிவிட்டுக் கைப்பையைத் திறந்தாள், ஜிப் நகரவில்லை. செல்போனைத் தட்டினாள், அது கறுப்பாகவே கிடந்தது. கடைக்காரர் பால்துரை முதல்முதலாகத் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தார்.

"ஊருக்குப் புதுசாக்கா?"

"என்ன அண்ணாச்சி, விளையாடுதியளா? மாசாமாசம் எனக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தது யாரு?"

"கொடுத்திருப்பேன். எத்தனையோ பேருக்குக் கொடுக்கேன்" என்று டப்பாவைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார்.

காலையில் வாயிலிருந்து விழுந்த சொல் அப்போதுதான் அவள் காதுக்கு வந்து சேர்ந்தது. ஓட்டமும் நடையுமாகத் திரும்பி வந்தாள், கேட்டின் கம்பியைப் பிடித்தாள், "வந்துட்டேன், இந்தா வந்துட்டேன்லா" என்றாள், கெஞ்சினாள், அண்ணாச்சி பழைய நாளில் உதைத்த இடத்தைப் பார்த்து உதைத்தாள். வெயிலில் கொதித்த இரும்பு உள்ளங்கையைச் சுட்டதே தவிர அசையவில்லை.

"யாரம்மா பாக்கணும்?" என்றார் சங்கரபாண்டி அண்ணாச்சி.

"அண்ணாச்சி, நான் ஜெசிந்தா. ஏ பிளாக்கு. அமலன் சம்சாரம்."

"அமலனுக்கு வீட்ல அவன் அக்கா மட்டும்தானம்மா." அவர் கம்பி வழியாகத் தண்ணீர் பாட்டிலை நீட்டினார், தன் பிளாஸ்டிக் நாற்காலியைத் தலைக்கு மேலே தூக்கிச் சுவருக்கு அந்தப் பக்கம் இறக்கிக் கொடுத்தார். "உக்காருங்க. வெயில்ல நிக்காதீங்க. தெரிஞ்சவங்க யாரும் வந்தா பேசிக்கிடலாம்." நல்ல மனுசர். அதுதான் அவளைப் பயமுறுத்தியது. ஒரு கெட்ட மனுசனாவது இருந்தால் கத்திச் சண்டை போடலாம்.

ஜுலைகா ராத்தா மீன் வாங்கிக்கொண்டு வந்தார்கள். ஜெசிந்தா அவர்கள் முந்தானையைப் பிடித்தாள். "ராத்தா, என் பிள்ளைக்குத் தொப்புள்கொடி அறுத்தது நீங்கதான?"

"மழையில பிறந்துச்சே, அந்தப் பிள்ளைக்கா? நான்தாம்மா அறுத்தேன்." ராத்தாவின் முகம் மலர்ந்தது. "ஹில்டா பாவம், எத்தனை வருசம் கழிச்சு ஒண்ணு பெத்தா! நீங்க அவளுக்குச் சொந்தமா?"

கேட் ராத்தாவுக்கு விலகியது, பின்னாலேயே நுழையப் போன ஜெசிந்தாவின் மூக்குக்கு முன்னால் மூடிக்கொண்டது. அப்போதுதான் அவளுக்கு முழுசாகப் புரிந்தது. அவளை எடுத்த இடம் காலியாக இருக்கவில்லை, அந்த இடத்தைக் காலனி அரை நாளில் நிரவிவிட்டது, இன்னும் ஒரு நாள் போனால் அதன் மேல் புல் முளைத்துவிடும்.

மத்தியானச் சோற்றுக்கு அமலன் பைக்கில் வந்தான். அவள் வண்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, "அத்தான், அத்தான்" என்றாள், அதற்கு மேல் வரவில்லை. அவன் ஹெல்மெட்டைக் கழற்றி, காலை ஊன்றி நின்று, மரியாதையாக, "சொல்லுங்க சிஸ்டர்" என்றான்.

அவள் கை தானாக விட்டுவிட்டது. அவன் உள்ளே போனான். போகிறபோது மாடியில் பிள்ளை அழ ஆரம்பித்தது. அது எந்த அழுகை என்று அவளுக்குத் தெரிந்தது, முதல்முறையாகச் சந்தேகமே இல்லாமல் தெரிந்தது, பசிதான், அழுகை காதில் விழுந்த அந்த நேரத்தில் ரெண்டு மார்பும் கனத்துச் சுரந்து ரவிக்கை நனைந்து சேலை நனைந்து வயிற்றில் வழிந்தது. பத்துமா பத்தாதா என்று இத்தனை நாள் பயந்த பால் தெருப்புழுதியில் சொட்டிக்கொண்டு நின்றது, அவள் அதைக் கையால் பொத்திக்கொண்டு, வெளியில் நின்றாள்.

பேச்சித்தாய் அக்கா காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டே கேட் பக்கம் வந்து நின்று அவளைப் பார்த்தாள்.

"என்னக்கா?" என்றாள் ஜெசிந்தா.

"நீ யாரோ என்னமோ. ஆனா உன்னப் பாத்தா எனக்குப் பத்திக்கிட்டு வருது."

"ஏன் பத்துது?"

"அதான் தெரியல. கொடியும் சேலையுமா என்னமோ ஞாபகம் வருது."

ஜெசிந்தா கம்பியோடு ஒட்டிக்கொண்டாள். "உங்க கொடியில என் சேலையக் காயப் போட்டேன்! உங்க வெள்ளை நைட்டியில சாயம் இறங்கிட்டு!"

"ஊதாச் சாயம்!" பேச்சித்தாய் அக்கா மடித்த துணியைக் கீழே போட்டாள். "அடிப்பாவி, அது நீதானா? எத்தனை தண்ணிக்கு அலசினேன், போச்சாட்டி அது? ஒரு வார்த்தை கேட்டியா என்கிட்ட? ஏட்டி ஜெசிந்தா, நீ ஏன் வெளியில நிக்க?"

காலனிக்காரர்கள் பாசத்தைக் கேட்டிடம் கொடுத்து வைத்திருந்தார்கள், பழக்கத்தைக் கொடுத்து வைத்திருந்தார்கள், பெயரையும் முகத்தையும் முறையையும் கொடுத்து வைத்திருந்தார்கள். கோபத்தை மட்டும் ஒருத்தரும் கொடுக்கவில்லை. அதை அவரவர் நெஞ்சிலேயே, அடிக்கடி எடுத்துத் துடைத்து, பத்திரமாக வைத்திருந்தார்கள். ஜெசிந்தாவுக்கு அது புரிந்ததும், சிஸ்டர்கள் அடக்கமாகப் பேசச் சொல்லிக்கொடுத்த அதே தொண்டையால் கத்த ஆரம்பித்தாள்.

"அண்ணாச்சி, நீங்க டூட்டியில தூங்குறீங்கன்னு சங்கத்துல போய்ச் சொன்னது நான்தான்!"

"நீதானா அது?" அண்ணாச்சி நாற்காலிக்குக் கையை நீட்டினார். "என் சேரக் கொடு."

"ராத்தா, பெருநாள் பிரியாணியில உப்பு இல்லைன்னு சொன்னது நான்தான்!"

மாடியிலிருந்து ஜுலைகா ராத்தா எட்டிப் பார்த்தார்கள். "அமலன் பொண்டாட்டியா கத்துறா? உப்புக் காத்துலயே வளர்ந்தவளுக்கு எது உப்பாத் தெரியும்?"

ஜன்னல்கள் திறந்தன, படிகளில் செருப்புச் சத்தம் கேட்டது, அவள் மாடிப்படியில் தண்ணீர் சிந்தினது, ஜெபக்கூட்டத்தில் தூங்கினது, இட்லிச் சட்டியைக் கருக்கித் திருப்பிக் கொடுத்தது என்று ஒவ்வொருத்தராக அவளைக் கண்டுபிடித்துக்கொண்டே இறங்கி வந்தார்கள், எல்லாருக்கும் அவள் மேல் கோபம், எல்லாருக்கும் அவளைப் பார்த்ததில் ஒரு சந்தோசம். எச்சில் கையோடு வந்து நின்ற அமலன்தான் ஒன்றும் விளங்காமல் முழித்தான். பாவம், அவன் அவளோடு ஒருநாளும் சண்டை போட்டதில்லை.

ஆனால் கேட் திறக்கவில்லை. பேச்சித்தாய் அக்கா வெளியே போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நுழைந்து பார்த்தாள், அது அக்காவை மட்டும் வடிகட்டி உள்ளே எடுத்துக்கொண்டது. "அந்த வீட்டு ஆளு வந்து சொல்லணும் போல. ஹில்டாவக் கூப்பிடுங்க" என்றார் அண்ணாச்சி.

ஹில்டா மைனி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். கூட்டம் விலகி வழி விட்டது. பிள்ளை, எப்போதும் பார்க்கிற மாதிரி ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்து, கம்பிக்கு அந்தப் பக்கம் இருந்த முகத்தில் நின்று, கையை உதறிக்கொண்டு வீறிட்டது. அதற்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"ஹில்டா, இவ யாரு உனக்கு?" என்றார் அண்ணாச்சி.

ஹில்டா மைனி ஜெசிந்தாவைப் பார்த்தாள். ஜெசிந்தாவும் பார்த்தாள், பார்த்ததுமே தெரிந்துகொண்டாள். மைனிக்குத் தெரியும். மற்றவர்கள் கோபமெல்லாம் பழையது, இவளுடையது இன்று காலையில் சுட்டது, அது ஆறவே இல்லை. மைனிக்கு ஒரு நிமிசம்கூட மறந்திருக்கவில்லை. காலை முழுக்க, வருகிறவர்கள் எல்லாரும் உன் பிள்ளை, உன் பிள்ளை என்று சொல்ல, அதைக் கேட்டுக்கொண்டு, மடியில் வைத்துக்கொண்டு, மெஷினை மிதிக்காமல் உட்கார்ந்திருந்திருக்கிறாள்.

"தெரியல" என்றாள் ஹில்டா மைனி.

பிள்ளை அழுதது. மைனி அதைத் தோள் மாற்றினாள், முதுகைத் தட்டினாள், விரலை வாயில் கொடுத்தாள். அது விரலைத் துப்பிவிட்டு அழுதது. அவள் சட்டென்று ஒரு எட்டு முன்னால் வந்தாள்.

"காலையில ஒருத்தி என்னை ஒரு வார்த்தை சொன்னா. அவ நீதான்னா அதைச் சொல்லு."

"மைனி, நான் ஜெசிந்தா. கல்யாணச் சேலைக்கு நீங்கதான் முந்தி அடிச்சுக் கொடுத்தீங்க..."

"அது இல்ல."

"பிள்ளை பிறந்தப்போ என் முதுகைத் தாங்கிட்டு, மாதாவே மாதாவேன்னு நீங்கதான் அழுதீங்க..."

"அதுவும் இல்ல. அந்த வார்த்தை."

"இத்தனை பேருக்கு முன்னால வேண்டாம் மைனி."

"சொன்னாத் திறக்கும். இல்லைன்னா இல்ல."

ஜெசிந்தா தலையைக் குனிந்துகொண்டாள். அது காலையில் எவ்வளவு சுளுவாக வந்தது, இப்போது ஒவ்வொரு எழுத்தையும் முள் மாதிரி தொண்டையிலிருந்து பிடுங்க வேண்டியிருந்தது. "பெத்தவளுக்குத்தான் தெரியும். பெறாதவங்களுக்கு என்ன தெரியும்."

காலையில் மெஷின் நின்றது மாதிரி காலனியே நின்றது. யாரோ ஒருத்தி மட்டும் "ச்சு" கொட்டினாள்.

"ஆமா" என்றாள் ஹில்டா மைனி. "நீதான்."

அவள் நடந்து வந்தாள், அவளுக்காகக் கேட் திறந்தது, அவள் தாண்டிப் போகவில்லை, ஒரு காலை வெளியேயும் ஒரு காலை உள்ளேயும் வைத்து நடு வாசலில் நின்றுகொண்டாள். இரும்பு மூடப் பார்த்து அவள் இடுப்பில் வந்து மோதி நடுங்கியது.

"வா. சீக்கிரம் வா. இடுப்ப நெரிக்கு."

ஜெசிந்தா அவள் கைக்கு அடியில் குனிந்து உள்ளே வந்தாள். வந்த இடத்திலேயே, அண்ணாச்சி திரும்ப வாங்கி வைத்திருந்த நாற்காலியில் உட்கார்ந்து, பிள்ளையை வாங்கி அணைத்தாள். ஹில்டா மைனி தோளில் கிடந்த, குண்டூசி குத்தின பாதி யூனிபாரத் துணியை எடுத்து அவள் மேல் மறைப்பாகப் போட்டு, ஊசி குத்திவிடாமல் ஒவ்வொன்றாகப் பிடுங்கித் தன் வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். பிள்ளை மூச்சுமுட்டக் குடிக்கிற சத்தம் எல்லாருக்கும் கேட்டது.

"பத்துது போலதான் இருக்கு" என்றாள், ஊசிகளுக்கு நடுவில்.

அமலன் அக்காவின் காதோரம் வந்து, "யாருக்கா இவங்க?" என்றான்.

"உன் பொண்டாட்டி. போய் ஒரு சண்டை போடு. தெரிஞ்சுடும்."

அவர்கள் அன்று மாலையே போட்டார்கள், அவனுக்குப் பழக்கமில்லாததால் கொஞ்சம் நேரமாகியது, அவன் பாட்டுக்கு "நீங்க சொல்றதும் நியாயம்தான் சிஸ்டர்" என்று ஒத்துக்கொண்டே போனான், கடைசியில் அவள் கோபம் தாங்காமல் அவனுடைய படகுத் தொப்பியை ஜன்னல் வழியாகத் தூக்கி எறிந்தபோதுதான், "ஏ ஜெசி, அது கம்பெனித் தொப்பிட்டி!" என்று கத்தினான்.

கேட் மட்டும் பிறகு ஒருநாளும் அவளைத் தெரிந்துகொள்ளவில்லை. வீட்டுக் கதவுக்குக் கொண்டி போட்டுக்கொண்டாள், அன்றைக்குப் பயந்துபோய், கொக்கி வைத்த பாதாளக் கரண்டி விட்டுக் கிணற்றிலிருந்து சாவி எடுக்க ஆரம்பித்த பெண்களோடு சேர்ந்து தன் பீரோச் சாவியையும் எடுத்துக் கழுத்தில் கட்டிக்கொண்டாள், கடையிலும் வங்கியிலும் ஆஸ்பத்திரியிலும் ஒவ்வொரு இடத்திலும் தனித்தனியாகத் தன்னை யாரென்று சொன்னாள், ஒவ்வொரு இடத்திலும் நிமிர்ந்து பார்க்கிற வரைக்கும் நின்றாள். வெளியே இறங்கும்போது ஹில்டா மைனியின் முகத்துக்கு நேராக நின்று, "போய்ட்டு வாறேன் மைனி" என்று முழுசாகச் சொன்னாள். திரும்பி வந்து கேட்டில் நின்று கூப்பிட்டால், மைனிதான் மாடியிறங்கி வந்து நடு வாசலில் நிற்க வேண்டும்.

மைனி அந்த வார்த்தையை மறுபடி சொல்லச் சொல்லவில்லை. ஜெசிந்தா அழுது மன்னிப்புக் கேட்டபோது, "சரி விடு" என்று மட்டும் சொன்னாள். அந்த "விடு"தான் ஜெசிந்தாவின் தூக்கத்தைக் கெடுத்தது. கோபத்தால்தானே தெரிந்தது? அந்தக் கோபம் மெல்ல மெல்ல ஆறி, ஒருநாள் கடைசிச் சூடும் போய், கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று மைனி அன்பாக, "யாரம்மா பாக்கணும்?" என்று கேட்டுவிட்டால்? அதனால் அவள் கடைக்குப் போகும்போதெல்லாம் மைனி சொல்லிவிட்டதில் ஏதாவது ஒன்றை மறந்துவிட்டு வர ஆரம்பித்தாள், ஒருநாள் நூல்கண்டு, ஒருநாள் கடுகு, ஒருநாள் கருவாடு. பெரிதாக ஒன்றுமில்லை, ஒரு சின்ன எரிச்சலுக்குப் போதுமானது.

பிள்ளை தலை நின்றுவிட்ட ஒரு நாள், கடைக்குப் போய்விட்டு வந்து கேட்டில் நின்று கூப்பிட்டாள். மைனி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தாள், பிள்ளையும் பார்த்தது. மைனியின் முகம் அன்றைக்கு வழக்கத்தைவிட லேசாக இருந்தது, எதன் மேலும் மனத்தாங்கல் இல்லாத முகம்.

"புளி வாங்கினியா?"

"மறந்துட்டேன் மைனி."

மைனியின் கண் கீழே இறங்கி, கூடையில் முருங்கைக்காய்க்கு அடியில் பிதுங்கித் தெரிந்த புளிப் பொட்டலத்தின் மேல் கொஞ்ச நேரம் நின்றது, பிறகு மேலே வந்தது.

"மறப்ப. நீ மறக்காம வந்தாத்தான அதிசயம்" என்று சலித்துக்கொண்டே, பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றி, ஒரு காலை எடுத்து வெளியே வைத்தாள்.